நூற்றுப் பதினேழாம் எலி

நாற்பதாவது வளைவில் பஸ் திரும்பியபோது நவமணிக்குத் தொண்டையில் ஏதோ அரித்தது. அரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு மயிரிழை ஒட்டிக்கொண்டு, இருக்கிறேன் என்று காட்டிவிட்டு, இல்லாமல் போனதுபோல. விழுங்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடி விழுங்கினாள். இப்போது இருந்தது. இப்படி விழுங்கி விழுங்கியே நல்ல தொண்டையில் வலியை வரவழைத்துவிடலாம், அது அவளுக்குத் தெரியாதா, பன்னிரண்டு வருஷமாகக் கிருமிகளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு. காலை எட்டேகாலுக்கு நடந்தது. இப்போது மணி ஒன்றே முக்கால். ஐந்தரை மணி நேரத்தில் எந்தக் கிருமியும் தொண்டையில் வந்து உட்கார்ந்து அரிக்காது. குறைந்தது இரண்டு நாள் வேண்டும். ஆனால் அந்த இரண்டு நாள் கணக்கு பழையதற்கு, மனிதர்களிடம் சுற்றியதற்கு. நான்கு வருஷம் எலிக்குள் இருந்துவிட்டு வந்ததற்கு என்ன கணக்கு என்று யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? அவள் எழுதினால்தான் உண்டு. காலடியில் இருந்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியை இரண்டு கணுக்கால்களாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பதினோரு எலிகளின் எச்சிலும் நுரையீரல் துண்டுகளும் அதற்குள் சின்னச் சின்னக் குப்பிகளில் இருந்தன. எல்லாம் செத்தவை. குப்பியில் இருக்கும் திரவம் கிருமியைக் கொன்று அதன் மரபணு எழுத்தை மட்டும் விட்டுவைக்கும். பெட்டி உருண்டு உடைந்தாலும் இந்த பஸ்ஸில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. கண்டக்டர் ஏறும்போதே அதை முறைத்து, "என்னங்க மேடம் இது, மீனா? நாத்தம் வராதுங்களே?" என்று கேட்டார். "மருந்துங்க" என்றாள். எல்லாரும் பெட்டியைத்தான் பார்த்தார்கள். அவளை யாரும் பார்க்கவில்லை.

ஜீப் மட்டும் நன்றாக இருந்திருந்தால் பஸ்ஸே கிடையாது. கிளட்ச் போய் வண்டி வால்பாறை ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது, டிரைவர் அதன் பக்கத்தில் நிற்கிறார். குப்பிகள் சாயங்காலத்துக்குள் கோயம்புத்தூர் போக வேண்டும். ஆகவே பஸ். எல்லாவற்றுக்கும் ஓர் ஆகவே இருந்தது. ஆகவே, ஆகவே என்று ஒவ்வொரு வளைவாக இறங்கி வந்துவிடலாம், ஒரே ஓர் இடத்தில்தான் ஆகவே இல்லை. எலி கடித்ததை ஏன் சொல்லவில்லை? எட்டேகாலுக்குக் கடித்தது. எட்டே இருபதுக்குள் டாக்டர் இளம்பரிதிக்குப் போன் செய்திருக்க வேண்டும். அவர்தான் ஆராய்ச்சித் திட்டத்தின் தலைவர். அவரும் அவளும் சேர்ந்துதான் விதிமுறையை எழுதினார்கள், 'உடனடியாக' என்ற சொல்லை அவள்தான் போட்டாள். விரலைப் பார்த்தாள். இடது ஆள்காட்டி விரலின் நுனியில் இரண்டு புள்ளிகள், பேனா முனை அளவு. சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவியாயிற்று, மருந்து தடவியாயிற்று. கடி பெரிதில்லை. கடியில் இது பரவுவது அபூர்வம். கடித்த திடுக்கில் அவள் தலையை உதறினாள், முகக்கவசத்தின் வார் காதிலிருந்து நழுவியது, எலி முகத்துக்கு அரையடி தூரத்தில் இருந்தது, அது தும்மியது. அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். அந்த ஒரு மூச்சு. ஈரமான உமியும் மூத்திரமும் கலந்த வாடை, அதற்கு அடியில் ஏதோ இனிப்பு, அழுகின பலாச்சுளை போல. இழுத்த மூச்சைத் திரும்ப வெளியே விட்டாள்தான். ஆனால் இழுத்ததெல்லாம் திரும்பி வந்ததா?

அது அருளாயியின் வீட்டு எலி. கீழ்ச்சோலை எஸ்டேட்டில் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கடைசி வீட்டில் தனியாக இருக்கிற பெண், முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். தகரக் கூரைக்கும் அட்டைத் தட்டிக்கும் நடுவே எலிகள் ஓடுகின்றன என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள். அருளாயி மட்டும் வேறு மாதிரிக் கேட்டாள். "எலி இருமுமா டாக்டரம்மா?" நவமணி கூண்டுக்குள் கருவாட்டுத் துண்டைச் செருகிக்கொண்டே, "தும்மும். இருமி நான் கேட்டதில்லை" என்றாள். "இது இருமுது. எங்க வீட்டுக்காரர் கடைசியா இருமுனாரே, ரெண்டு இருமல், ஒரு நிப்பாட்டு, அப்புறம் ஒண்ணு. அச்சு அசலா அதே மாதிரி. மொதல்ல நடுங்கிப்போயிட்டேன். இப்ப பழகிருச்சு. இருமலைன்னாத்தான் எந்திரிச்சு உக்காந்துக்குறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிக்க வேண்டிய இடம் அதுதான் என்பதுபோல. அது நேற்றுச் சாயங்காலம். இன்று காலை கூண்டைத் தட்டியிலிருந்து இறக்கியபோது நவமணி கேட்டாள். இரண்டு. நிறுத்தம். ஒன்று. கேட்டாளா? ஒருவர் சொல்லி வைத்த பிறகு காது சும்மா இருக்குமா, கடிகாரத்தின் டிக்டிக்கில்கூடத் தன் பெயரைக் கேட்கும். ஆனால் கூண்டை இறக்கிப் பையில் போடப் போகும்போது அருளாயி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "அத்தனையும் கொண்டுபோயிருவீங்களா?" என்று கேட்டாளே, அதை நவமணி கற்பனை செய்யவில்லை. அந்தக் கேள்விக்குத் திரும்பிப் பார்த்த நேரத்தில்தான் விரலில் சுரீர் என்றது.

முப்பத்திரண்டாவது வளைவு. பஸ் ஒரு லாரிக்கு வழிவிட்டு மலைச்சுவரை உரசுகிறாற்போல் ஒதுங்கி நின்றது. பக்கத்து சீட்டில் ஓர் இளம்பெண், மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை. பொள்ளாச்சியில் மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போகிறார்களாம். அம்மா தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள், குழந்தை விழித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தது. "அதுக்குள்ள என்ன?" "ஐஸ்." "எனக்குக் குடு." "இது திங்கிற ஐஸ் இல்ல கண்ணு." "பின்ன?" நவமணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு முகக்கவசம் போட்டிருந்தாள், ஒன்றின்மேல் ஒன்றாக. இப்போது யாரும் போடுவதில்லை, பஸ்ஸில் அவள் ஒருத்திதான். குழந்தை கையை நீட்டி அவள் கவசத்தின் ஓரத்தைத் தொட்டது. அவள் பின்னால் இழுத்துக்கொண்ட வேகத்தில் தலை கண்ணாடியில் இடித்தது. அம்மா கண்ணைத் திறந்து, "சும்மா இரு மகிழினி" என்றுவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகாது. இன்றைக்கு ஒன்றும் ஆகாது, ஐந்தரை மணி நேரத்தில் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது. எழுதியிருக்கிறது. பழையதைப் பற்றி எழுதியிருக்கிறது. பழையதைப் பற்றித்தான்.

எலிகளுக்கு இந்தக் குடும்பத்துக் கிருமிகள் புதிதே இல்லை. மனிதன் ஊர் கட்டுவதற்கு முன்பிருந்தே அவற்றின் குடலிலும் மூச்சுக்குழாயிலும் குடியிருந்தவை. தேயிலைக் காட்டு எலியிடம் ஒன்று, சோலைக்காட்டு எலியிடம் வேறொன்று, பெருச்சாளியிடம் இரண்டு சேர்ந்து. ஒரே உடம்பில் இரண்டு வகை சந்தித்தால் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்ளும், பக்கத்து வீட்டுப் பெண்கள் குழம்பு மாற்றிக்கொள்வதுபோல, கிண்ணம் திரும்பி வரும்போது அதில் வேறு ருசி இருக்கும். முப்பதாயிரம் எழுத்து நீளமுள்ள வாசகம், ஒவ்வொரு தடவை படியெடுக்கும்போதும் எங்கோ ஓர் எழுத்துப் பிசகும், பிசகியதில் பெரும்பாலானவை செத்துப்போகும், ஏதோ ஒன்று பிழைக்கும். மூன்று வருஷமாக இந்த மலையின் எலிகளிடம் அவள் இருபத்தாறு வகை படித்திருக்கிறாள். எல்லாம் எலியினுடையவை, எலிக்கு எலி போவதில் திருப்தியாக இருப்பவை. அந்த வாசகங்களைத் திரையில் வரிசையாக ஓடவிட்டுப் பார்க்கும்போது அவளுக்கு ஒரு பயமும் இருந்ததில்லை. மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல இருக்கும். போன மாதம் வரை. போன மாதம் நூற்றுப் பதினேழாம் எலி. அருளாயி வீட்டுத் தட்டியில் முன்பு பிடித்தது. அதன் நுரையீரலில் இருந்தது எலியின் கிருமி இல்லை. மனிதர்களுடையது. நான்கு வருஷத்துக்கு முன்னால் உலகத்தையே வீட்டுக்குள் பூட்டி வைத்த அதே கிருமி. அதிலும் இரண்டு எழுத்து, இரண்டே எழுத்து, வேறெங்கும் இல்லாத மாதிரி மாறிய இரண்டு எழுத்து. அந்த இரண்டும் சேர்ந்து இருந்தது உலகத்திலேயே ஒன்பது பேரிடம்தான். ஒன்பது பேரும் கீழ்ச்சோலை எஸ்டேட். அந்த வருஷம் மே மாதம். ஒன்பதில் நாலு பேர் போய்விட்டார்கள். அதோடு அந்தக் கிளை அற்றுப்போனது என்று அட்டவணையில் அவளே தன் கையால் குறித்து வைத்தாள். அற்றுப்போகவில்லை. யாரோ துப்பிய பாத்திரத்திலிருந்தோ, யாரோ மிச்சம் வைத்த கஞ்சியிலிருந்தோ, மேலே ஏறிப் போய் அட்டைத் தட்டியில் நான்கு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறது. அந்த இரண்டு எழுத்தோடு புதிதாகப் பதினாலு.

ஒன்பது பேரில் ஒருவர் அருளாயியின் கணவர். இன்னொருவர் எஸ்டேட் ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர், வயது நாற்பத்து மூன்று, பெயர் செல்வின். நவமணியின் கணவர்.

இதை எந்த ஆகவேயில் சேர்ப்பது? அப்போது அவள் கோயம்புத்தூரில், ஆய்வகத்தில், நாளைக்குப் பதினாலு மணி நேரம். மலையிலிருந்து மாதிரிகள் எண் போட்டு வரும், பெயர் இருக்காது. நானூற்றுப் பன்னிரண்டு என்ற குப்பியைத் திறந்தது அவள்தான், எழுத்தைப் படித்தது அவள்தான், அந்த இரண்டு எழுத்தையும் கண்டு, அட, என்று பக்கத்து மேஜைக்குச் சொன்னதும் அவள்தான். அட என்று சொன்னாள். சந்தோஷமாகச் சொன்னாள். பிறகுதான் அந்த எண்ணுக்கு எதிரே பெயரைப் பார்த்தாள். அதற்குள் அவரை மேலே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தாயிற்று, போனில் முகம் மட்டும், முகத்திலும் பாதியை மூடிய பிராணவாயு மாஸ்க். கடைசியாக ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். அவள் மேஜையிலேயே தலை சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். "நவம், கேஸ் புக்கு எங்க வெச்ச? பையன் வந்து நிக்கிறான்." வீட்டில் கேஸ் போடும் பையன் யாரும் வந்திருக்க முடியாது, அவர் வீட்டிலேயே இல்லை, நான்கு நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். பிராணவாயு குறைந்த மூளை எந்த வாசலில் எந்தப் பையனைப் பார்த்ததோ. அலமாரி மேல்தட்டு, பைபிளுக்கு அடியில் என்று அவள் பதில் அனுப்பியபோது அதைக் கேட்க ஆள் இல்லை. உறையில் போட்டு இழுத்து மூடிய பின்தான் பார்க்கவிட்டார்கள், பத்தடி தூரத்தில் நின்று. அழுகை வரவில்லை. கவசக் கண்ணாடிக்குள் அழுதால் புகை மூடும், வேலை கெடும் என்று அத்தனை நாள் பழகிய கண் அது. மறுநாளே ஆய்வகத்துக்குப் போனாள். எல்லாரும் தைரியசாலி என்றார்கள்.

இருபத்தொன்றாவது வளைவு. காதடைத்தது. கீழே மேகத்தின் கிழிசலில் ஆழியாறு அணையின் நீர் ஒரு துண்டு தெரிந்து மறைந்தது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. வெயில் பட்ட இடம் சுட்டது. கழுத்தில் கை வைத்தாள். அங்கே சுட்டது, அல்லது கை குளிர்ந்திருந்தது. சொல்லாததற்குக் காரணம் வேலை நின்றுபோகும் என்ற பயம் என்று இதுவரை தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல காரணம். யாரும் நம்புவார்கள். அவளே இருபது வளைவு வரை நம்பினாள். ஆனால் காலையில் அந்த மூச்சை இழுத்தவுடன் ஒரு கணம், பயம் வருவதற்கு முன்னால், பயத்துக்கு முந்திக்கொண்டு ஒன்று வந்ததே, அது என்ன? கதவு தட்டுகிற சத்தம் கேட்டு எழுந்து போகிறவளின் அவசரம்போல ஒன்று. அவருடைய சட்டைகளைக் கொடுத்தாயிற்று. பைக்கைத் தம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான். குரல் இருந்த போன் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. அவர் மூச்சுக்குள் இருந்து, அவர் மூச்சோடு வெளியே வந்து, இன்னும் செத்துப்போகாமல் இருப்பது உலகத்தில் இது ஒன்றுதான். அவரைக் கொன்றதும் இதுதான். கொன்றதுதான் அவரைக் கடைசியாக அறிந்தது, அவளைவிட நன்றாக, உள்ளே ஒவ்வோர் அறையாக. ஒன்பது பேரில் யாரிடமிருந்து தட்டிக்கு ஏறியது என்று யாருக்குத் தெரியும், அருளாயி கணவரிடமிருந்துதான் இருக்கும், வீடு அவருடையது. ஆனால் ஊசி போடவும் மாத்திரை கொடுக்கவும் அந்த வீட்டுக்குத் தினம் போய் வந்தது செல்வின். இவரிடமிருந்து அவருக்கா, அவரிடமிருந்து இவருக்கா? எழுத்து அதைச் சொல்லாது. எழுத்து எல்லாவற்றையும் சொல்லும், இதை மட்டும் சொல்லாது. சீ, என்ன நினைப்பு இது, ஒரு நோயை மடியில் வைத்துத் தாலாட்டுவதா? விழுங்கினாள். இருந்தது. இருக்கட்டும் என்று ஏதோ ஒன்று உள்ளே சொன்னது, அவள் குரலில்தான் சொன்னது.

பதினாலாவது வளைவில் குழந்தை ஓங்கரித்தது. அம்மா பதறி எழுந்தாள். "அக்கா, கொஞ்சம் ஜன்னல்கிட்டப் பிடிச்சுக்குங்கக்கா, பை எடுக்கிறேன்" என்று, கேட்காமலேயே, குழந்தையைத் தூக்கி நவமணியின் மடியில் வைத்துவிட்டாள். பதினாலு கிலோவோ பதினைந்து கிலோவோ, வியர்த்த சின்ன முதுகு, தேங்காயெண்ணெய்த் தலை. குழந்தை இரண்டு கையாலும் அவள் கவசத்தைப் பிடித்துத் தொங்கியது, மேல் கவசம் கழன்று கையோடு போனது. கீழ்க் கவசமும் மூக்குக்குக் கீழே இறங்கியது. ஓங்கரிப்புக்கு நடுவே குழந்தை வாயை அகலத் திறந்து காற்றை இழுத்தது, அவளுக்கு நேர் எதிரே, அரையடி தூரத்தில். அந்தத் திறந்த வாயைப் பார்த்தாள். இளஞ்சிவப்பு, ஈரம், வரிசையாகப் பால்பற்கள். காலையில் தான் இருந்த இடத்தில் இப்போது இந்தக் குழந்தை இருக்கிறது. கூண்டில் இருந்ததன் இடத்தில்? நவமணி மூச்சை நிறுத்தினாள். உள்ளே நிறுத்திக்கொண்டாள். குழந்தையை அதன் அம்மாவிடம் தள்ளினாள், கொடுக்கவில்லை, தள்ளினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மற்றவர்கள் கால்களை மிதித்துக்கொண்டு, முன்னால் படிக்கட்டுக்கு ஓடினாள். மூச்சு முட்டியது. படியில் முகத்தை வெளியே நீட்டிய பிறகுதான் விட்டாள்.

"நிறுத்துங்க. இறங்கணும்."

"என்ன மேடம் விளையாடுறீங்க? பொள்ளாச்சிக்கு டிக்கெட் வாங்கியிருக்கீங்க. இங்க வரையாடுதாங்க இருக்கு."

"நிறுத்துங்க! எனக்கு உடம்பு சரியில்ல. கிட்ட வராதீங்க!"

அந்தக் கடைசிச் சொல்லில் கண்டக்டர் ஒரு படி பின்னால் போனார். நான்கு வருஷத்துக்கு முன்னால் எல்லாரும் பழகின பின்வாங்கல் அது, உடம்பு மறக்கவில்லை. விசில் ஊதினார். ஒன்பதாவது வளைவில், சுற்றுலாக்காரர்கள் நின்று அணையைப் பார்க்கும் இடத்தில் பஸ் நின்றது. "அந்தம்மாவுக்கு என்னாச்சு?" என்று உள்ளே யாரோ கேட்டார்கள். நவமணி கீழே நின்று, குழந்தையின் அம்மா இருந்த ஜன்னலுக்குத் தள்ளி நின்று கத்தினாள். "உங்க போன் நம்பர் சொல்லுங்க. பயப்படாதீங்க, சும்மாதான், ஒரு பரிசோதனைக்கு." அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டே எண்ணைக் கைமேல் எழுதிக்கொண்டாள். பெயர் கேட்டாள். சுபிதா என்றாள். பஸ் போய்விட்டது.

நல்ல வெயில். கைப்பிடிச் சுவரின் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் காரில் வந்த ஒரு குடும்பம் மாங்காய் தின்றுகொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தது. பாறையில் மூன்று வரையாடுகள் அசையாமல் நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. போனில் இரண்டு கோடு சிக்னல். "சார், நவமணி. ஒன்பதாவது வளைவில நிக்கிறேன். காலையில எட்டேகாலுக்கு எலி கடிச்சிருச்சு. மாஸ்க் விலகிருச்சு, மூஞ்சியில தும்மிருச்சு. நூத்திப் பதினேழு இருந்த அதே வீடு." மறுமுனையில் நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம். "பஸ்ஸிலயா வந்தீங்க?" "ஆமா சார். முப்பத்தொரு வளைவு." அவர் யாரிடமோ வண்டி கேட்டார். பிறகு, "ஆம்புலன்ஸ் அனுப்பறேன். யார்கூடவும் பேசாதீங்க. அந்த லைன்ல எல்லாருக்கும் இன்னிக்கே டெஸ்ட் எடுக்கச் சொல்லிடறேன்" என்றார். கடைசியில் கேட்டேவிட்டார். "ஏம்மா, நீங்களா? நீங்க போய் ஏன் காலையிலேயே சொல்லல?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வேலை நின்னுடும்னு பயந்தேன் சார். "அது அவர்கிட்ட இருந்தது சார்" என்றாள். "கொஞ்ச நேரம் என்கிட்ட இருக்கட்டும்னு தோணிருச்சு."

அவர் போனை வைக்கவில்லை. காற்று மட்டும் கேட்டது, எந்தப் பக்கத்துக் காற்று என்று தெரியவில்லை.

பதினோரு நாள் அவளைக் கண்ணாடி வைத்த ஓர் அறையில் வைத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மூக்கில் குச்சி. உடைக்குள் மறைந்த ஆட்கள் வந்து போனார்கள், கண் மட்டும் தெரியும், யார் என்று தெரியாது. இப்படித்தான் அவருக்கும் இருந்திருக்கும் என்று அவள் முதல் முறையாக உள்ளே இருந்து பார்த்தாள். சுபிதாவையும் குழந்தையையும் தினம் போனில் விசாரித்தார்கள், காய்ச்சல் இல்லை, மகிழினி ஐஸ் கேட்டு அடம்பிடிக்கிறாளாம். லைன் வீடுகளில் யாருக்கும் இல்லை. அருளாயியை வேறு வீட்டுக்கு மாற்றி, தட்டிகளைப் பிரித்து எரித்தார்கள். பன்னிரண்டாம் நாள் டாக்டர் இளம்பரிதி உடை இல்லாமல், சாதாரணச் சட்டையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கமே வந்து உட்கார்ந்தார். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முதலில் எலிகளைக் கேட்டாள்.

"பதினொண்ணுல நாலு எலிக்கு இருக்கு" என்றார். "உங்களைக் கடிச்சதுக்கும் இருக்கு."

"அந்த ரெண்டு எழுத்து?"

"மூணுல ரெண்டும் இருக்கு. உங்களைக் கடிச்சதுல ஒண்ணு மாறிருச்சு. மாறத்தானே செய்யும்." நிமிர்ந்து சிரிக்க முயன்றார். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நவமணி. அஞ்சு டெஸ்டும் சுத்தம். தொத்தவே இல்ல. வீட்டுக்குப் போலாம்."

அவள் தலையாட்டினாள். கட்டிலை விட்டு எழுந்தாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள், மறுபடி உட்கார்ந்தாள். தொண்டையில் விழுங்கிப் பார்த்தாள். இழைத்த கல்போல வழவழவென்று, ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

"இன்னொரு தடவை பாருங்க சார்" என்றாள்.

"பயப்படாதீங்கம்மா. நிச்சயமா இல்ல."

"இன்னும் ஒரே ஒரு தடவை."

பயம் என்றே அவர் நினைத்தார். பாவம் என்று நர்ஸைக் குச்சியோடு வரவழைத்தார். அவள் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, அது போகும் தூரம் வரை போகவிட்டாள். கண்ணில் நீர் வந்தது. குச்சி பட்டால் எல்லாருக்கும் வரும் நீர்தான். நின்றுவிடும் என்று அந்த நர்ஸ் காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள்.